வின்ஸின் பாதி

சாப்பாட்டு மேசையைத் தூக்கிக் கார் கொட்டகையில் வைத்த அன்று என் மனைவி மார்லா கடையிலிருந்து ஒரு பச்சை இறால் வாங்கி வந்தாள். ஒன்றே ஒன்று. மீன் விற்கும் பெண் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாளாம். இது சாப்பிடுவதற்கு இல்லை, அழுகுவதற்கு என்று மார்லா சொன்னதும் அந்தப் பெண் பொட்டலத்தைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டாளாம். மேசை இருந்த இடத்தில் இப்போது ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீரும் கொஞ்சம் மணலும் நாலைந்து பாறைகளும். மார்லா இறாலைத் தண்ணீரில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். என் கல்யாண நாளில்கூட நான் ஒரு பொருளை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள் என்று அவள் சொன்னாள். ஏதாவது ஒன்று உள்ளே கிடந்து அழுக வேண்டும். அந்த அழுகலைத் தின்னும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாமல் பெருகி, தண்ணீர் பழகிய பிறகுதான் உயிருள்ள எதையும் அதில் விடலாம். அவசரப்பட்டால் எல்லாம் செத்துப்போகும். ஈரி ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர் இருக்கிற ஊரில், வீட்டுக்குள் இன்னொரு தண்ணீரை அழுக வைத்துக் காத்திருப்பது என்ன பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதற்கு டெனிஸ்தான் காரணம்.

டெனிஸ் மார்லாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் வீட்டு வரவேற்பறையை உயிருள்ள கடல் பவளங்கள் வளரும் ஒரு பெரிய தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் அதன் ஓரமாக நின்று பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். அந்த இலையுதிர் காலத்தில் மாடிப்படியில் மூச்சு நின்று அவன் போய்விட்டான். வீட்டுக்காரர் மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொன்னார். தொட்டியை மீன்களோடு ஒரு பல் டாக்டர் தன் காத்திருப்பு அறைக்கு வாங்கிக்கொண்டார். மார்லா இரண்டே பொருட்களைத்தான் கேட்டு எடுத்துக்கொண்டாள். ஒன்று, தொட்டிக்கு மேலே தொங்கிய விளக்கு. இன்னொன்று, வெளிர்பச்சைக் கிளைகளும் ஆரஞ்சு நுனிகளுமாக இருந்த ஒரு பவளம். டெனிஸ் யார் வந்தாலும் முதலில் காட்டுவது அதைத்தான். அதை ஒரு வாளியில் வைத்து, வாளிக்குள் சூடேற்றும் குழாயைப் போட்டு, எங்கள் குளியலறையில் வைத்தாள். நான் அந்தக் குளிர்காலம் முழுக்க வாளியைத் தாண்டித்தான் குளித்தேன்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள், நான் பிளாஸ்டிக் தொழிற்சாலையில். கடையில் இந்தத் தொட்டிகளுக்குச் சொல்கிற விலையில் எங்களுக்கு வண்டியே வந்துவிடும். அதனால் எல்லாமே கிடைத்ததை வைத்துத்தான். கண்ணாடித் தொட்டி ஒருவர் வீட்டு வாசலில், எடுத்துக்கொள்ளலாம் என்று அட்டை ஒட்டி வெளியே வைத்திருந்தது. ஒரு பக்கம் பூனை பிராண்டினதுபோல் கீறல். பழைய ஒட்டுப் பசையைப் பிளேடால் சுரண்டிவிட்டு மார்லாவே புதுப் பசை போட்டாள். தாங்கும் மேடையை மரக்கடைக் கட்டைகளை வாங்கி நான் அடித்தேன். கீழே தண்ணீர் வடிகட்டும் பெட்டிக்குத் தடுப்புகள் எல்லாம் எங்கள் தொழிற்சாலைக் குப்பையில் கிடந்த துண்டுகள். மேனேஜரிடம் கேட்டபோது, நீ குப்பை பொறுக்கும் நிலைமைக்கு வந்துவிட்டாயா என்றார். உப்புக் கலக்கக் குப்பைத் தொட்டி ஒன்று புதிதாக வாங்கினோம். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்குக் கை நன்றாக வந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இறால் கரைந்து, வீடு நாறி, பக்கத்து வீட்டு ஐரீன் எங்கள் சாக்கடை அடைத்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனாள். வாளியில் இருந்த பவளமோ கிளை கிளையாக வெளுத்துக்கொண்டே வந்தது. தினம் வேலையிலிருந்து வந்ததும் மார்லா மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குப் போவாள். ஒருநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டி வரைக்கும் வந்து, தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, சோதனைக் குப்பியில் நிறம் சரியில்லை என்று மறுபடி தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி நடக்கும்போது அழுதாள். தம்பியைப் புதைத்த அன்று அழாதவள். தொட்டி தயாரானபோது அந்தப் பவளத்தில் கட்டைவிரல் அளவுக்குத்தான் உயிர் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை எலும்பு.

அந்தக் கட்டைவிரல் பிழைத்தது. அடுத்த குளிர்காலத்துக்குள் சின்னக் கைமுட்டி அளவுக்கு வந்துவிட்டது. மாலையானால் கிளைகளெங்கும் மயிர்போல ஆயிரம் வாய்கள் திறந்துகொண்டு ஆடும். மார்லா அதனிடம் பேசினாள் என்று சொன்னால் அடிக்க வருவாள். ஆனால் பேசினாள். டெனிஸுக்குப் பிடிக்காத சொந்தக்காரர்களைப் பற்றித்தான் பெரும்பாலும்.

ஜனவரியில் மழை பெய்து, விழுந்த இடத்திலேயே உறைந்தது. மரங்கள் கண்ணாடி பூசினதுபோல் நின்றுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக முறிந்து மின்கம்பிகள் மேல் சாய்ந்தன. ஊர் பாதிக்குக் கரன்ட் போயிற்று. பள்ளிக்கூடம் மூடினார்கள், தொழிற்சாலையும் மூடினார்கள். பவளத்துக்குக் குளிர் ஆகாது, ஓடாத தண்ணீரும் ஆகாது. வீட்டில் இருந்த போர்வைகளை எல்லாம் தொட்டிக்குச் சுற்றினோம். நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தோம். கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து, காலி சோடா பாட்டில்களில் ஊற்றி, தொட்டியில் மிதக்க விட்டோம். மார்லா ஒரு ஜாடியால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பாள். அவள் கை சோர்ந்தால் நான். நான் சோர்ந்தால் ஐரீன். அவள் கதகதப்புக்கு வந்தவள், கையில் ஜாடியைக் கொடுத்துவிட்டோம். கடைசியில் கரன்ட் வந்து பம்பு ஓடினபோது மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து குளிர்ந்துபோன பியரோகிக் கொழுக்கட்டைகளைத் தின்றோம். பவளம் வாயை மூடிக்கொண்டு கிடந்தது, ஆனால் நிறம் மாறவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் வின்ஸ் வந்தான்.

வின்ஸ் மின்கம்பி பழுது பார்ப்பவன். எங்கள் தெருவுக்குக் கரன்ட் கொண்டுவந்ததே அவனும் அவன் ஆட்களும்தான். ஒரு காலத்தில் டெனிஸும் அவனும் ஒரே தொட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டியவர்கள். பிறகு பேச்சு நின்றுபோயிற்று. தன் பவளம் நன்றாக வந்ததைப் பார்த்து வின்ஸுக்கு வயிற்றெரிச்சல் என்று டெனிஸ் சொல்வான். மார்லா அதை அப்படியே நம்பினாள். அடக்கத்துக்கும் வின்ஸ் வரவில்லை என்பதில் அவளுக்கு அது உறுதியாகிவிட்டது.

பனி ஒட்டின பூட்ஸோடு கதவுக்குள் ஒரு அடி வைத்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"எல்லாம் போயிருச்சு வால்ட்," என்று என்னிடம்தான் சொன்னான். "நான் கம்பத்து மேல கெடந்தேன். தூங்கறதுகூட லாரியிலதான். வீட்டுக்கு வந்து பாத்தா தொட்டித் தண்ணி பால் மாதிரி இருக்கு. ஒண்ணுகூட மிஞ்சல."

"அடப்பாவமே. உள்ள வா," என்றேன்.

அவன் வரவில்லை. மார்லாவைப் பார்த்தான். "டெனிஸ்கிட்ட இருந்தது உங்கிட்ட இருக்காமே."

"இருக்கு."

"அதுல ஒரு துண்டு வேணும், மார்லா."

மார்லா கையைத் துடைத்த துணியை மடித்தாள். "தம்பியப் புதைக்கறப்ப வழி தெரியல. இப்ப மட்டும் வழி தெரிஞ்சிருச்சாக்கும்."

"வந்தேன்," என்றான் வின்ஸ். "வெளிய வண்டிக்குள்ளயே உக்காந்திருந்துட்டுப் போயிட்டேன்."

"ஏன், எறங்கினா கால் ஒடைஞ்சிருமா?"

"அவன்மேல இருந்த கோவத்த எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியல. அதோட உள்ள வந்து நிக்கறது சரியாப் படல."

"பொறாமைன்னு சொல்லுவான் டெனிஸ்."

"சொல்லுவான்," என்றான் வின்ஸ். அப்புறம், யாரோ கேட்டதுபோல, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அது எங்கிட்ட இருந்து போன குச்சி. ஒடைஞ்சு கெடந்தத எடுத்து நாலு வருஷம் வளத்தேன். அவனுக்குச் சும்மாதான் குடுத்தேன். அவன் அதுக்குத் தன் பேர வெச்சு பிட்ஸ்பர்க் சந்தையில துண்டு துண்டா வித்தான்."

இந்தத் தொட்டிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். சும்மா வாங்கின பவளத்தை, அது வளர்ந்ததும் சும்மாதான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். என்றைக்காவது கொடுத்தவர் தொட்டி செத்துப்போனால், வாங்கினவர் ஒரு துண்டைத் திருப்பித் தர வேண்டும். ஒன்றை ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஒரு கரன்ட் வெட்டில் உலகத்திலேயே இல்லாமல் போய்விடும்; நாலு வீட்டில் இருந்தால் பிழைக்கும். மார்லாவும் இந்தப் பேச்சை என்னிடம் பல தடவை பேசியிருக்கிறாள், பெருமையாக.

"இப்பதான் சாவுல இருந்து தப்பிச்சிருக்கு," என்றாள் அவள். "இப்ப வெட்டினா ரெண்டும் போயிடும். முடியாது."

வின்ஸ் தலையை ஆட்டினான். நின்ற இடத்திலிருந்தே எட்டித் தொட்டியைப் பார்த்தான். அதில் எது தெரிந்ததோ, ஒரு கணம் அவன் முகம் தளர்ந்தது. "நல்லா வெச்சிருக்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மார்லா அன்று ஏற்கெனவே கழுவின பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

"டெனிஸ் அத வித்தானா?" என்று முதுகைத் திருப்பாமலே கேட்டாள்.

"வித்தான்."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"பிட்ஸ்பர்க்குக்கு நாந்தான வண்டி ஓட்டினேன். அவன் லைசென்ஸ்தான் அப்ப முடக்கி வெச்சிருந்தாங்களே."

"வித்த காசுல என்ன பண்ணினான்?"

நான் தொட்டிக்கு மேலே தொங்குகிற விளக்கைப் பார்த்தேன். திரும்பி அவளும் பார்த்தாள். அந்தத் தொட்டியில் பெரிய விலை கொடுத்து வாங்கின பொருள் அது ஒன்றுதான். என் மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்து, "கழுத," என்றாள். தம்பியைத்தான். அதை அவள் எவ்வளவு ஆசையாகச் சொன்னாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை என் கருவிப் பெட்டியிலிருந்து கம்பி வெட்டும் குறடை எடுத்து வெந்நீரில் கழுவினாள். பவளத்தைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நடுவில் வைத்து அழுத்தினாள். கற்கண்டைக் கடிக்கிற சத்தம். இரண்டு துண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் நுனிகள் அதிகம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நுனிகள் அதிகம் இருந்ததைப் பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கட்டினாள். பையைக் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஹீட்டரை முழுக்க வை என்றாள். நான் வியர்த்துக்கொண்டே பனியில் வண்டி ஓட்டினேன்.

வின்ஸ் எங்களைக் கீழ்த்தள அறைக்கு அழைத்துப் போனான். அவன் தொட்டி எங்களுடையதைப்போல நாலு மடங்கு இருக்கும். கழுவித் துடைத்து, புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தான். விளக்குப் போடவில்லை. உள்ளே மணல், வெறும் பாறைகள். மணலின் நடுவே ஒரு பச்சை இறால் கிடந்தது.

மார்லா கோட்டுக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. எனக்கே புரிந்துவிட்டது. வாரக்கணக்கில் இறாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், கோபத்திலோ வேறு எதிலோ, அவன் தொட்டியும் முதலில் பழக வேண்டும் என்பதை அடியோடு மறந்து வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"வெட்டிட்டியா?" என்றான் வின்ஸ்.

"நீதான கேட்ட?"

"ஒடனே எடுத்துட்டுப் போகணும்னு கேக்கல. தருவியான்னுதான் கேட்டேன். இப்ப இத எங்க வைக்கறது?"

"ஒரு வாளியில வெச்சுக்க. நான் வெச்சிருந்தேன்ல."

"வாளியில வெச்சு எவ்வளவு மிஞ்சுச்சு?"

மார்லா கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். வின்ஸ் கையை நீட்டினான். அவள் பையைக் கொடுத்தாள். அவன் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான்; ரொம்ப நேரம் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். பிறகு அவள் கோட்டுப் பொத்தானை எங்கள் கண் முன்னாலேயே, ஒரு குழந்தைக்குச் செய்வதுபோலத் திறந்து, பையை உள்ளே வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டான்.

"உங்கிட்டயே இருக்கட்டும். இந்தத் தொட்டி பழகட்டும், அப்புறம் வரேன்," என்றான்.

"எப்ப பழகும்னு யாருக்குத் தெரியும். நாளைக்கு ஞாயித்துக்கெழமதான, வந்து பாத்துட்டுப் போ," என்றாள் மார்லா. "வாசல்லயே நிக்காத. உள்ள வா."

வீட்டுக்கு வந்ததும் இரண்டு துண்டுகளின் அடியிலும் பசை தடவி, பக்கம் பக்கமாக இருந்த இரண்டு பாறைகளில் ஒட்டினாள். இரண்டும் வெட்டின இடம் வெள்ளையாகத் தெரிய, இறுக மூடிக்கொண்டு நின்றன. செத்துவிடுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். இரவுச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். மேசை இல்லாமல் சாப்பிட எங்களுக்குப் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு துண்டில், ஒரே ஒரு கிளையில், வாய்கள் திறந்திருந்தன. வின்ஸின் பாதி. எங்களுடையது இன்னும் மூடியே இருந்தது. மார்லா முழங்கை வரை கையை உள்ளே விட்டு, எங்கள் துண்டை அப்படியே விட்டுவிட்டு, வின்ஸின் துண்டு இருந்த பாறையை மெல்லத் தள்ளி டெனிஸின் விளக்குக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்தாள். வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்க்கும் சத்தம் கேட்டது. அவள் கையை எடுக்கவில்லை. உப்புத் தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.