ஒத்தப்பிள்ளை நாகராசு

பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் நாகராசுவுக்கு வயிறு எரிந்தது. குன்றாண்டார்கோவில் மண்ணின் விஞ்ஞானியே வருக என்று கொட்டை எழுத்தில் போட்டு, நடுவில் பிரகதாம்பாள் கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரித்தாள். அவன் அண்ணன் அருள்மணியின் மகள். அவன் பெற்ற விக்ரம் குவைத் வெயிலில் லாரி ஓட்டுகிறானே, அவனுக்கு எந்தப் பயல் ஃப்ளெக்ஸ் வைத்தான்?

கிணற்றுத் தண்ணீர் முறையில் வந்த சண்டையில் அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்டவன் நாகராசு. வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் வெடித்து அண்ணன் பொசுக்கென்று போய்ச் சேர்ந்தபோதுகூடத் தோள் கொடுக்கப் போகவில்லை. போயிருந்தால் என்ன குறைந்திருக்கும்? வீம்பு! அண்ணன் பெற்றதோ, அப்பனைக் கொண்டுபோன நோயையே படிப்பாக எடுத்து, சென்னையில் அதற்கு மருந்து தேடிக்கொண்டிருந்தது. இப்போது ஸ்கேன் மெஷினும் டாக்டருமாக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் நடத்த வந்திருந்தது.

நாகராசு அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான். வயிற்றுக்குள் ஏதோ துடிக்கிறது, முதுகைப் பிடிக்கிறது என்று அவன் புலம்பியதைக் கேட்டுக் காது புளித்துப்போன மனைவி ராஜலட்சுமிதான் இழுத்து வந்தாள்.

பிரகதாம்பாள் மைக்கில் பேசினாள். "நம்மளக் காக்கத்தான் ரத்தத்துல வெள்ளணு இருக்கு. சில பேருக்கு அதுவே ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள பூந்து அரிக்க ஆரம்பிச்சுரும். சுவரு மெலிஞ்சு பலூன் மாதிரி வீங்கிரும். வெளியாளு செய்யல, கூட இருக்குறதே செய்யுது. அத எப்படி அமத்துறதுன்னுதான் நாங்க பாக்குறோம்."

"பாத்தியா, என்னையத்தான் ஜாடை பேசுறா" என்று பல்லைக் கடித்தான் நாகராசு.

"அந்தப் புள்ள ரத்தக்குழாயச் சொல்லுதுங்க. செத்த சும்மா இருங்க."

ஊரே கைதட்டியது. நாகராசு கையைக் கட்டிக்கொண்டான்.

மேசையில் இருந்த நர்ஸ் ஷர்லி கேட்டாள். "ஒங்க அப்பா, அண்ணன் தம்பி யாருக்காச்சும் இது இருந்துச்சாங்க? ரத்த சொந்தத்துல வரக்கூடியது. ஒரு மெஷின்தான் இருக்கு. அப்படி இருந்தவங்களத்தான் இன்னைக்குப் பாக்குறோம்."

ராஜலட்சுமி அவன் விலாவில் இடித்தாள். அண்ணன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொன்னால் ஃப்ளெக்ஸில் சிரிக்கிறவளுக்குச் சித்தப்பன் ஆகிவிட வேண்டுமே!

"நான் ஒத்தப்பிள்ளைம்மா" என்றான்.

"அப்ப நீங்க இன்னொரு நாளு புதுக்கோட்டையில பாத்துக்கலாங்க."

ராஜலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். வாசலைத் தாண்டவில்லை, முதுகில் வெட்டி இழுத்தது வலி. நாகராசு ஒரு கையால் முதுகை அழுத்தி, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சித்தப்பா! எங்கிட்டு வலிக்குது?" பிரகதாம்பாள் ஓடி வந்தாள். முதுகில் அவன் கை இருந்த இடத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. "அப்பாவும் இப்படித்தான் கை வச்சுக்கிட்டு நின்னாரு."

சாவு பயம் வந்தால் வீம்பாவது ஒன்றாவது. நாகராசு ஷர்லியைப் பார்த்துத் திணறினான். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தாரும்மா. அருள்மணின்னு பேரு. இதுலதான் போனாரு." சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டான்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். வீக்கம் பெரிது, இன்னும் வெடிக்கவில்லை, இன்றே ஆபரேஷன் வேண்டும்.

வண்டியில் பிரகதாம்பாளும் ஏறிக்கொண்டாள். அவள் கையைப் பற்றிக்கொண்டு நாகராசு கேட்டான். "ஆத்தா, ஒன் மருந்தக் குடுத்துப் பாரேன். கத்தி வேணாம்."

"அது சுண்டெலிக்குத்தான் சித்தப்பா குடுத்துப் பாத்துருக்கோம். வீக்கம் வளராம நின்னுருச்சு. மனுசருக்கு வர இன்னும் காலமாகும். ஒங்களுக்கு ஆபரேஷன்தான்."

ஜன்னலில் அந்த ஃப்ளெக்ஸ் கடந்து போனது. நாகராசுவுக்கு இப்போது அது ஒரு பொருட்டாகவே படவில்லை. சென்னையில் ஏதோ கூண்டுக்குள், தன் அண்ணன் மகள் கையால் மருந்து வாங்கிக்கொண்டு சுகமாக ஓடித் திரிகிற அந்தச் சுண்டெலியை நினைத்துத்தான் அவனுக்கு வயிறு எரிந்தது.