கீச்சென்றால் விற்றுவிடு

என் பைக்குக்கு வாய் கிடையாது. பேட்டரி வண்டி, பெட்ரோல் வண்டி மாதிரி உறுமாது. அதனால்தான் அதன் பின்சக்கர பெல்ட் போடும் கீச்சுச் சத்தம் திருவாமாத்தூர் முழுக்கக் கேட்டது. மற்ற வண்டிகளுக்குச் செயின் இருக்கும் இடத்தில் இதற்குக் கறுப்பாக ஒரு ரப்பர் பெல்ட். நான் தெருமுனை திரும்பும்போதே பக்கத்து வீட்டு ஜெயம் அக்கா, "பாஞ்சாலி, உன் பொண்ணு கத்திக்கினு வர்றா, உலை வை" என்று குரல் கொடுப்பாள்.

அம்மாவுக்கு மானம் போயிற்று. மானத்தைவிடப் பெரிது பயம். கத்துகிற வண்டி நடு ஹைவேயில் படுத்துவிடும் என்பது அவள் கணக்கு. ஒரு நாள் சாயங்காலம் நான் வாசலில் வண்டியை நிறுத்தும் முன்பே ஆணையிட்டுவிட்டாள்.

"இந்த வீட்டுலேர்ந்து எது இனிமே கீச்சுன்னு கத்திக்கினு ரோட்டுல போவுதோ, அது திரும்பி வீட்டுக்கு வராது. அங்கயே வித்துட்டுதான் வரணும். வட்டப்பாறை சாட்சி."

வட்டப்பாறை எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கிறது. அதன் முன்னால் பொய் சொன்னவன் பிழைக்க மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மா அதைச் சாட்சிக்கு இழுத்துவிட்டால் பிறகு யார் சொன்னாலும் எடுபடாது. திண்டிவனத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை எனக்கு. பைக் போனால் இரண்டு பஸ் மாறி, யாரோ ஒருவரின் அக்குளுக்குக் கீழே நின்றுகொண்டு போகவேண்டும். நாலு வருடம் அப்படிப் போனவள் நான். திரும்பவும் என்னால் முடியாது.

விழுப்புரத்து மெக்கானிக் பூமாலை அண்ணனிடம் ஏற்கெனவே இரண்டு முறை காட்டியிருந்தேன். "செயினும் பெல்ட்டும் அண்ணன் தம்பிதாம்மா" என்று சொல்லி, இரண்டு முறையும் பெல்ட்டை வீணைத் தந்தி கணக்காக இறுக்கிவிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து பார்த்து, "வீல் நேராத்தான் கீது" என்றார். ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறவர்கள் தினமும் என் கடைக்கு வருகிறார்கள். பாதிப் பேருக்கு மூடாத கண்ணில்தான் கோளாறு.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வந்த புத்தகத்தை விரித்து உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது எறும்பு. சுவரிலிருந்து இறங்கி, ஸ்டாண்டில் ஏறி, பெல்ட் மேல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. தொட்டு முகர்ந்தேன். மல்லாட்டை எண்ணெய், வேர்க்கடலையில் ஆட்டியது. எங்கள் நிலத்து மல்லாட்டை, எங்கள் செக்கு எண்ணெய், சந்தேகமே இல்லை.

என் அப்பா தேவநாதனுக்கு உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான். கதவு கத்தினால் எண்ணெய், மோட்டார் கத்தினால் எண்ணெய், காது குடைந்தால் எண்ணெய். அதற்கென்று நீள மூக்கு வைத்த ஒரு தகர டப்பா வைத்திருக்கிறார்.

"ஏம்பா, பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டியா?"

"நான் ஏன் விடப் போறேன்?"

"வட்டப்பாறைல வந்து சொல்லு."

"சும்மா சும்மா சாமிய எதுக்கு இழுக்குற?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மா விக்கச் சொல்லிடுவாளேன்னு தினமும் ரெண்டு சொட்டுதான் விட்டேன். அவ சபதம் போட்ட பொறவு நாலு சொட்டு."

கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பெல்ட்டில் எண்ணெய் படக் கூடாது, பட்டால் புழுதி ஒட்டிக்கொண்டு இன்னும் கத்தும் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மனிதர் அதற்குக் குழி தோண்டியிருக்கிறார். அம்மாவிடம் சொன்னால் ஒரு வாரத்துக்கு அவருக்குச் சோறு சூடாகக் கிடைக்காது. சொல்லவில்லை. இனிமேல் பெல்ட் பக்கமே போவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு, வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன்.

சோப்புத் தண்ணீரில் பெல்ட்டைக் கழுவித் துடைத்தேன். பின்சக்கரத்து நட்டைத் தளர்த்தினேன். மல்லாட்டை விதைக்கும்போது வரிசை பிடிக்கிற நூலை எடுத்துப் பின்டயரைச் சுற்றி, இரண்டு பக்கமும் முன்சக்கரம் வரை அப்பாவை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். இடது பக்கம் நூல் முன்டயரில் முட்டியது. வலது பக்கம் இரண்டு விரல் நுழைந்தது. பின்சக்கரம் கோணலாக இருந்திருக்கிறது, பெல்ட் ஓரமாக ஒதுங்கி உரசியிருக்கிறது.

"அட, பாத்தி கோணலா கீதே" என்றார் அப்பா. அவருக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது.

இரண்டு பக்கத்துத் திருகையும் கால் கால் சுற்றாகத் திருப்பி, நூலின் இடைவெளி சமமாகும்வரை நகர்த்தினேன். பிறகு மூட்டை நிறுக்கிற கொக்கித் தராசைப் பெல்ட்டின் நடுவில் மாட்டி, புத்தகம் சொன்ன எடை வரும்வரை கீழே இழுத்தேன். பெல்ட் அசையவே இல்லை. பூமாலை அண்ணன் கைவண்ணம். புத்தகம் சொன்ன அளவுக்கு இறங்கும்வரை தளர்த்தி, மறுபடி நூல் பிடித்துப் பார்த்து, நட்டை இறுக்கினேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். பூனை நடக்கிற மாதிரி போனது.

மறுநாள் அம்மா கண்ணாடி மாற்ற என்னோடு திண்டிவனம் வருவதாகச் சொன்னாள். கண்ணாடி ஒரு சாக்கு, வண்டிக்குப் பரீட்சை என்று எனக்குத் தெரியும். கிளம்பும்போது அப்பா ஒரு மஞ்சப்பையை அம்மா மடியில் வைத்து, "வழியில பசிச்சா இருக்கட்டும்" என்றார். என்னிடம் மட்டும், "அவசரத்துக்கு அடியில ஒண்ணு கீது" என்று முணுமுணுத்தார். பணம் என்று நினைத்துக்கொண்டேன்.

விக்கிரவாண்டி தாண்டியும் சத்தமே இல்லை. அம்மா என் தோளுக்கு மேல் காதை நீட்டிக்கொண்டே வந்தாள். கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க ஹைவேயை விட்டுப் பள்ளமும் மேடுமான பக்கத்து ரோட்டில் இறங்கினேன்.

கீச்.

"நிறுத்துடி."

நிறுத்தினேன். இரண்டு பஸ், அக்குள், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. அம்மா பையை அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

கீச்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. சக்கரம் சுற்றவில்லை. நாங்கள் இருவரும் மெல்ல மஞ்சப்பையைப் பார்த்தோம். அம்மா அதை லேசாக ஆட்டினாள். கீச், கீச். வாழைப்பழத்தை விலக்கினாள். அடியில் அப்பாவின் எண்ணெய் டப்பா, துருப்பிடித்த கைப்பிடியோடு. ஊருக்கெல்லாம் எண்ணெய் விட்ட டப்பாவுக்கு யாரும் ஒரு சொட்டு விடவில்லை.

இனி மறைக்க வழியில்லை. எறும்பிலிருந்து நூல்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே டீக்கடையில் டீயைக் குடித்து முடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கோ உயிர் போய்க்கொண்டிருந்தது.

"ஆணைன்னா ஆணைதான்" என்றாள். "ஏறு, போலாம்."

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக் கடையில் நிறுத்தச் சொன்னாள். பையோடு உள்ளே போனவள், வாழைப்பழத்தோடு மட்டும் திரும்பி வந்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அம்மா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சத்தம் வந்துச்சா?" என்றார் அப்பா, எடுத்ததும்.

"வந்துச்சிங்க. வித்துட்டேன்."

அப்பா பதறினார். "பொண்ணு எப்படி வீட்டுக்கு வருவா?"

"பைக்குலதான்."

மனிதர் மெல்லக் கணக்குப் போடுவது எங்களுக்குக் கேட்டது.

"அடிப்பாவி, அதுல அரை டப்பா எண்ணெய் இருந்துச்சே" என்றார்.