தோசைக்கல் வைத்த இடம்

நடந்துபோகும் தூரத்தில், ரொம்மனில் அக்கா வாங்கிய வீட்டின் குசினியில், சமையல் மேடையாக மூன்று மீற்றர் நீளத்துக்கு ஒரே பலகை கிடந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜாரா மரம். பேர்த்தில் இருக்கும் அத்தானின் தமையன் அனுப்பியது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கம்சிகாவுக்கு வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பிறகு அவள் ஒரு பலகைக் கடையில் வேலை செய்கிறாள். ஆட்களோடு கதைக்கக் கூச்சம், அதனால் பின்பக்கத்தில் மாதிரித் துண்டுகள் அடுக்குவாள். அவுஸ்திரேலிய மரங்கள் இருக்கும் தட்டு அவளுடைய பொறுப்பு. பாலங்களுக்கும் இறங்குதுறைகளுக்கும் போகும் அயன்பார்க், கோடரிப் பிடிக்கு உகந்த ஸ்பொட்டட் கம், கிற்றார் செய்யும் பிளாக்வுட். ஜாரா ஒரு காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்தது, இப்போது வசதியானவர்களின் தரை. அதில் உள்ளங்கையளவு துண்டொன்றை முதலாளி மேரினிடம் கேட்டு வாங்கிக் கட்டிலருகே வைத்திருந்தாள். அக்காவோ கேட்காமலே முழுப் பலகையைப் பெற்றுவிட்டாள்.

பலகையாவது பரவாயில்லை. அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் அம்மா புஷ்பராணி அன்று தன் இரும்புத் தோசைக்கல்லையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அந்தக் கல் எங்கேயோ, அம்மாவும் அங்கேதான். அக்கா இந்துஜாவுக்கு வைகாசியில் பிள்ளை பிறக்க இருந்தது.

"இஞ்சையே நில்லுங்கோவன் அம்மா. அறை சும்மாதானே கிடக்கு."

"இவள் தனிய என்னடி செய்வாள்?"

"அவளுக்கு மரத்துண்டு இருக்கே. அதோடை கதைப்பாள்."

அத்தான் ரிஷிகேசன் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். கம்சிகா பசிக்கவில்லை என்று சொல்லி முன்னறையில் போய் இருந்துகொண்டாள். தோசை சுடும் சத்தமும் அம்மாவும் அக்காவும் மெல்லக் கதைப்பதும் கேட்டன.

சாப்பிட்டு முடிந்து, அம்மா கழுவி ஈரத்தோடு பலகையில் வைத்திருந்த கல்லைத் தூக்கியபோது, கீழே கரி பூசியதுபோல் ஒரு வட்டம்.

"நாளைக்குத்தானே பலகைக்கு எண்ணெய் பூச இருந்தது," என்று இந்துஜா வட்டத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "கொஞ்சமாவது யோசிக்க மாட்டியளோ?"

"கம்சி, நீ மரக்கடையிலைதானே. இது போகுமோ?" என்று அத்தான் கேட்டார்.

இரும்பும் ஈரமும் பட்டால் அந்த மரம் கறுக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடையில் ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது. கரைத்துப் பூசினால் கறை வெளுத்துவிடும்.

"தெரியாது," என்றாள்.

அம்மா கல்லைப் பையில் வைத்தாள். "வா பிள்ளை, வீட்டை போவம்."

தங்கள் வீடிருக்கும் ஹவுகன்ஸ்டுவாவுக்கு நடந்து வரும்போது பையைக் கம்சிகாதான் சுமந்தாள். பாரமே தெரியவில்லை. ஆனால் அம்மா வீட்டுக்கு வந்தும் பையைக் கதவடியிலேயே விட்டுவிட்டு, "ஆசையா வைச்சிருந்தவள், கெடுத்துப்போட்டன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உடம்பு இங்கே, நினைப்பு முழுக்க ரொம்மனில்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் கம்சிகா அந்த வெள்ளைத் தூளோடு அக்கா வீட்டுக்குப் போனாள். இரண்டு தரம் பூசித் துடைத்ததும் வட்டம் மங்கி, சிவப்பு மெல்லத் திரும்பியது.

இந்துஜா பார்த்துக்கொண்டு நின்றாள். "நேற்றே தெரியுந்தானே உனக்கு?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா அம்மா இஞ்சை நிண்டிருப்பா."

"நிண்டுகிழிச்சா. உன்னைத் தனிய விட்டிட்டு வரமாட்டன் எண்டு தோசை சுடேக்கையே சொல்லிப்போட்டா. எப்பவும் கம்சி, கம்சி. எனக்கு அந்தக் கோவந்தான், பலகையிலை இல்லை."

கம்சிகா கையுறையைக் கழற்றினாள். உள்ளே இருந்த எரிச்சல் இறங்கியது.

"அப்ப தோசைக்கல்லை ஏன் கொண்டந்தவ?"

"எனக்குத் தரத்தான். பேரப்பிள்ளைக்கு அதிலைதான் தோசை சுடோணுமாம். நாளைக்கு எடுத்துக்கொண்டு வா."

இறங்கிய எரிச்சல் திரும்ப ஏறியது.

"பாப்பம்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவடியில் கிடந்த பையிலிருந்து கல்லை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"எனக்குத் தோசை வேணும்."

"நேற்றும் தோசைதானேடி," என்றாள் அம்மா.

"அங்கை நான் சாப்பிடேல்லை."