மூன்றாம் வரிசை

கேமராக்காரர் முக்காலியை நிறுத்திவிட்டு, வழக்கம்போல அதன் கைப்பிடியைப் பிடித்தார்.

"அண்ணே, கைய எடுங்க," என்றான் ஸ்டூடியோக்காரன். "இது புது 8K கேமரா. மொத்த ஹாலும் விழற மாதிரி வெச்சிட்டுச் சும்மா நில்லுங்க. வேணுங்கறத அப்புறம் வெட்டிக்கலாம்."

இருபத்திரண்டு வருஷமாக எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்த கை. அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

தையல் கூடத்தில் மூன்று வரிசையாக அறுபது மெஷின்கள் ஓடின. மூன்றாம் வரிசைக் கோடியில் அவருடைய அக்கா. இரண்டு மாதமாக அவளுக்கு வலது கை நடுங்குகிறது. மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்தித்தான் துணியைத் தள்ளுகிறாள். தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாமா படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"விளம்பரப் படம் எடுக்கற அன்னைக்கு லீவு போட்டுடவா தம்பி?" என்று நேற்றுக் கேட்டாள்.

"வேணாங்க்கா, அப்பதான் சந்தேகம் வரும். கடைசி வரிசைக்குப் போயிடு. அங்க நீ கடுகளவுதான் தெரிவே. எடுக்கறது நான்தானே?"

இப்போது அங்கிருந்து தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

மதியம் மேனேஜர் அறையில், சுவரை அடைத்த திரையில் போட்டுக் காட்டினார்கள். விளம்பரத்துக்கு நல்ல முகமாகத் தேடினார் மேனேஜர்.

"பின்னால ஒரு அம்மா சிரிக்கறாங்களே, கிட்ட கொண்டாங்க."

பெரிதாக்கினால் மங்கிவிடும், மங்கிவிடும் என்று கேமராக்காரர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். மங்கவில்லை. நெற்றி வியர்வை, மூக்குக்கண்ணாடிக் காம்பில் சுற்றிய நூல், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"அடடா, பிரமாதம்!" என்ற மேனேஜர் முன்னால் குனிந்தார். "கொஞ்சம் கீழ... அந்தக் கை."

சிரித்த சந்தோஷத்தில் அக்கா மணிக்கட்டை விளிம்பிலிருந்து எடுத்திருந்தாள்.

"கேமரா ஆடியிருக்கும் சார்," என்றார் கேமராக்காரர்.

"மெஷின் ஆடலையே?" என்றார் மேனேஜர். மெஷினில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "நல்ல கேமராய்யா இது. சரி, அடுத்த மெஷின். முகம் வேணாம், கைய மட்டும் காட்டுங்க."

படம் மெல்ல நகர்ந்தது. திரையில் இன்னொருத்தியின் விரல்கள் வந்து நின்றன. பிறகு அடுத்தவளுடையவை. கீழே கூடத்தில் அறுபது மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன.