தேலு வீட்டில் இருந்த தேவி

கரூஞ்சர் மலையடிவாரத்தில் காலையிலிருந்தே மேளச்சத்தம் காதைப் பிளந்தது. பாழடைந்து கிடந்த தேவி கோயிலைக் கராச்சி சேட்டுகள் எடுத்துக் கட்டியிருந்தார்கள். தீண்டத்தகாதவர்களென்று ஒதுக்கப்பட்ட கோலி சாதிக்காரி தேலு, பெட்டியில் மடித்து வைத்திருந்த சிவப்புப் பாவாடையை உடுத்திக்கொண்டு கிளம்பினாள். முதல் விளக்கை ஏற்றப்போவது அவள்தான். பூசாரி மூல்சங்கர் மகராஜ் கொடுத்த வாக்கு அது.

சும்மா கொடுத்துவிடவில்லை. எழுபத்தொன்றில் போர் வந்தபோது ஊர்ப் பண்ணையார்களான தாக்கூர்கள் எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய்விட்டார்கள். மகராஜின் அப்பா, அப்போதைய பூசாரி, தூரத்து ஊரான மிட்டிக்கு ஓடினார். தேவியை அம்போவென்று விட்டுவிட்டுத்தான் அத்தனை பேரும் ஓடினார்கள். தேலுதான் சிலையைத் துணியில் சுற்றி வந்து, தன் குடிசையில் கம்புக் குதிருக்குள் ஒளித்து வைத்தாள். நாற்பது வருஷம் தேவிக்குக் கம்பு ரொட்டியும் மோரும்தான். பஞ்சத்தில் அதுவும் கிடையாது. "நான் கிடக்கல? நீயும் பட்டினி கிட" என்று தேவியோடு சண்டை பிடித்திருக்கிறாள்.

வருஷா வருஷம் தேலுவிடம் ராக்கி கட்டிக்கொள்ளும் மகராஜ் ஒருவருக்குத்தான் இது தெரியும். கூடப்பிறக்காத அண்ணன் என்று நம்பி, போன வாரம் சிலையை அவர் கையில் கொடுத்தாள்.

இன்று படியில் கால் வைத்தவளை அவரே கைகாட்டி நிறுத்தினார்.

"தேலு, அங்கேயே நில்லும்மா. பெரிய மனுஷங்க வந்திருக்காங்க."

"அப்ப விளக்கு, அண்ணே?"

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம், போ."

உள்ளே போனவர், தீட்டுக் கழிக்கச் சிலைக்கு ஐந்து குடம் பால் ஊற்றச் சொன்னது வெளியே வரை கேட்டது. தேலுவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

பால் ஊற்றி முடிந்ததும் பெரிய சேட் கேட்டார். "இத்தனை வருஷம் தேவி எங்க இருந்தா, மகராஜ்?"

மகராஜ் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க வீட்டுலதான் சேட்ஜி. எங்கப்பா உசுரக் குடுத்துக் காப்பாத்துனாரு."

கூட்டம் ஜே போட்டது. சேட் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். தேலு முக்காட்டை இழுத்துச் செருகினாள். விளக்கு போனால் போகட்டும். நாற்பது வருஷத்தையே வாரிச் சுருட்டிக்கொண்டானே, படுபாவி!

அடிப்படியில் நின்றபடியே கத்தினாள். மேளம் நின்றுபோனது.

"ஏன் அண்ணே, உங்க வீட்டுல இருந்தவளுக்குத் தீட்டுக் கழிக்க எதுக்கு அஞ்சு குடம் பாலு?"