வாய்க்கால் வழியாக ஒரு கல்யாணம்

ஆழிக்குளத்தில் காசு யார் பையிலும் இருக்காது. ஊரார் நோட்டில்தான் இருக்கும். ஒருவர் இன்னொருவருக்கு எட்டு ரூபாய் கொடுத்தால், எண்ணூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வந்து அவரவர் நோட்டில் எழுதித் தலையாட்ட வேண்டும். அப்போதுதான் செல்லும். எழுதுகூலி தனி, கூடக் கொடுப்பவனுக்கு முதலில் எழுதுவார்கள். ஊரில் பொய்க்கணக்கே கிடையாது. சூடான இட்லியும் கிடையாது.

பஞ்சர் கடை இசக்கியப்பன் எட்டு ரூபாய்க்கு இட்லி வாங்கினால் எழுதுகூலி பன்னிரண்டு. ஊர் எழுதி முடிக்கையில் இட்லி ஊசிப்போயிருக்கும். பொறுத்துப் பார்த்தான். பிறகு இட்லிக் கடை வேலம்மாளோடு ஒரு வாய்க்கால் வெட்டினான்.

மண்வெட்டி வேலை இல்லை. இருவரும் ஊரை ஒரே தடவை கூப்பிட்டார்கள். இசக்கியப்பனின் மொத்தச் சேமிப்பும் வேலம்மாள் பங்கும் நோட்டுகளில் இருந்த இடத்தில் ஊரார் ஆளுக்கொரு பூட்டு வரைந்தார்கள். அதன்பின் அவன் தின்னும் ஒவ்வொரு இட்லிக்கும், அவள் சைக்கிளுக்கு ஒட்டும் ஒவ்வொரு பஞ்சருக்கும், இனி யாருக்கு எவ்வளவு என்று புதுச்சீட்டு எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். கூலி இல்லை. கணக்கை முடிக்கும் அன்று ஊருக்குக் கடைசிச் சீட்டைக் காட்ட வேண்டும். யாராவது பழைய சீட்டைக் காட்டினால், மற்றவர் ஒரே நாளுக்குள் பிடித்து மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம். பிடிக்க ஆள் ஊரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இசக்கியப்பன் நான்கு வருஷம் சூடான இட்லி தின்றான். ஊரை விட்டு ஓர் அடி நகரவில்லை.

அப்போது அவன் ஒரே மகள் கோமதிக்கு, இருபது மைல் தள்ளி மாப்பிள்ளை ஊரில் கல்யாணம் வந்தது. வீட்டார் முதல் நாளே பஸ் ஏறிவிட்டார்கள். கணக்கை முடித்து வாய்க்காலை மூடலாம் என்றால் முகூர்த்த மாசம், எழுத ஊரே வரிசையில் நிற்கும். எழுதுகூலி சேமிப்பில் பாதியைத் தின்றுவிடும்.

"ஒரு நாள் போயிட்டு வாரேன் யக்கா. பழைய சீட்ட எடுத்துற மாட்டியளே?"

"எடுப்பேன்," என்றாள் வேலம்மாள். "நீயும் எடுப்ப. அதுக்குத்தான இந்த ஏற்பாடு."

நியாயமான பேச்சு. ஆனாலும் மகள் தலை குனியும்போது தன் கை அங்கே இருக்காதே என்று அவன் இட்லிக் கடை வாசலிலேயே நின்றான்.

வேலம்மாளே வழி சொன்னாள். அவளுக்குப் பால்காரரோடு வாய்க்கால் உண்டு, பால்காரருக்குப் பஸ் கண்டக்டரோடு, கண்டக்டருக்குச் சம்பந்தியோடு. பிறகென்ன?

மறுநாள் காலை இசக்கியப்பன் ஒரு கை அட்சதையை வேலம்மாள் தலையில் போட்டான். அவள் பால்காரர் தலையில் போட்டாள். அவர் கண்டக்டர் தலையில். கண்டக்டர் சம்பந்தி தலையில். வழியில் ஆளுக்கு நாலு அரிசி கமிஷன். முகூர்த்தம் தப்பாமல் மிச்சம் கோமதி தலையில் விழுந்தது. எவனும் நோட்டைத் திறக்கவில்லை.

மதியம் அதே வழியில் கோமதியின் பதில் வந்தது. அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்த வேலம்மாள், கரண்டியை வைத்துவிட்டு அவன் காலில் விழுந்து கும்பிட்டாள்.

"போயிட்டு வாரேம்ப்பா," என்றாள்.

இசக்கியப்பன் அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தான். கண் காய்ந்திருந்தது.

"பிள்ள அழலையா?"

"அழுதா. அது கமிஷன்லயே தீந்துபோச்சு. கண்டக்டர் டிக்கெட்டு கிழிக்க முடியாம அழுதுக்கிட்டிருக்காராம்."

"நல்லா இரு தாயி," என்று அவன் வேலம்மாளைத் தூக்கி நிறுத்தி, மாப்பிள்ளை வீட்டுக்கு வழியனுப்பினான்.