தலைகீழாக நட்ட பதினாறு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் இது கதைக்குள் சொன்ன பொய் இல்லை, காட்டில் செய்தது.

முதல் தொடக்கம்: "மழைக்காடு கண்விழித்தது. ஆயிரம் பறவைகள்..."

[அடித்துவிட்டேன். குனிந்து குழி தோண்டுகிறவனுக்குத் தெரிவது தன் செருப்பு மட்டும்தான்.]

2

இரண்டாவது தொடக்கத்தில் ஒரு வங்கி மேலாளர் வருகிறார். காப்புக்காட்டில் பத்து நாள் தொண்டு செய்ய வந்தவர். ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்குப் பதினாறு மூங்கில் துண்டுகள்.* பதினாறையும் அவர் தலைகீழாக நட்டுவிடுகிறார்.

*கணுவில் இருக்கும் மொட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது நான் டீ வாங்கப் போயிருந்தேன்.

பார்த்தீர்களா, அடிக்குறிப்பில் மாட்டிக்கொண்டேன். மேலாளர் பாவம், வீட்டுக்குப் போகட்டும். நட்டது நான்தான்.

3

என்னை அங்கே இழுத்துப்போனவள் அக்கா. முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். "இனிமே என் கையால ஏதாவது வளரணும்டா" என்றாள்.

யாருடைய வரிசை என்று தெரிவதற்காக முனைக் குச்சியில் துணி கட்டுவோம். அவளுக்குச் சிவப்பு, எனக்கு நீலம். நான்காம் நாள் மாலைதான், என் மொட்டுகள் எல்லாம் மண்ணைப் பார்ப்பதைக் கவனித்தேன். மறுநாள் காலை நாற்றங்கால்காரர் பார்வையிட வருவார். அதனால் நான் அந்தத் துணிகளை...

(இந்த வாக்கியத்தை நான்கு முறை பாதியில் விட்டிருக்கிறேன்.)

மாற்றிக் கட்டினேன்.

4

"சிஸ்டர், இத நாளைக்குப் பிடுங்கிடறோம். நீங்க இனிமே நிழல்ல உக்காந்து பையில மண்ணு நிரப்புங்க" என்றார் நாற்றங்கால்காரர்.

அக்கா வரிசையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். மிச்ச நாளெல்லாம் பையில் மண் நிரப்பினாள். நான் மொட்டைப் பார்த்துப் பார்த்து நட்டுப் பாராட்டு வாங்கினேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

5

முடிவு ஒன்று: தம்பி உண்மையைச் சொல்ல, அக்கா அழுகிறாள். (அவளா, அழுவதாவது.)

முடிவு இரண்டு: அந்த வரிசையைப் பிடுங்க மறந்துவிடுகிறார்கள். பதினாறும் துளிர்க்கின்றன. யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, அதனாலேயே இதை நம்பவில்லை.

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அக்காதான், கையில் பென்சிலோடு. மேலே "பார்த்தீர்களா" என்று மரியாதையாகக் கேட்டது உன்னைத்தான், அக்கா. கீழே இடம் விட்டிருக்கிறேன். முடிவை நீயே எழுது.

6

[பென்சிலில்]

முப்பது வருஷம் கட்டுப் போட்டவடா நான். என் முடிச்சு எனக்குத் தெரியாதா? நீயா வந்து சொல்லுவேன்னு ரெண்டு மாசமாப் பாத்துட்டிருந்தேன். அன்னிக்கு எல்லாரும் சாப்பிடப் போனப்பவே பதினாறையும் திருப்பி நட்டுட்டேன், பிடுங்க வந்தவங்களும் பாத்துட்டு விட்டுட்டாங்க. துளிர்த்துச்சான்னு ஞாயித்துக்கிழமை போய்ப் பாப்போம். டீ வாங்க நான் போறேன், நீ அங்கயே நில்லு.